புத்தகப் புழு

ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். என்னை நம்பி ஒருவர் கொடுத்த பிரதியை நான் தொலைத்துவிட்டேன். தொலைத்தது மட்டுமல்ல, அதைப் படிக்காமலே தொலைத்தேன். அந்தப் பாவத்தைக் கழுவுவதற்காகச் சென்ற மாதம் பதினோரு நாட்கள் ஒரு பழைய லேப்டாப்பின் முன் உட்கார்ந்து தவம் செய்தேன்.

பிரதியைக் கொடுத்தவர் சிவகங்கைப் பக்கத்தில் முப்பது வருஷம் தமிழாசிரியராக இருந்தவர். என்னைவிட மிகவும் மூத்தவர். "அண்ணன்" என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கண்மாய் கண்மாயாகப் போய்விடுவார். கரையில் உட்கார்ந்திருக்கும் கிழவர்களோடு பேசி, தண்ணீர் சம்பந்தமாக அவர்கள் சொல்லும் வார்த்தைகளை எழுதிக்கொள்வார். மடை, குமிழி, மறுகால், கலுங்கு, உள்வாய், ஏந்தல், தாங்கல் என்று தொடங்கி நூற்றுக்கணக்கில் சேர்த்துவிட்டார். எந்த ஊரில், யார் சொன்னது, எந்தச் சந்தர்ப்பத்தில் சொன்னது என்பதெல்லாம் அதில் உண்டு.

2016இல் அதை அச்செடுத்து ஒரு கட்டாகக் கட்டி என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். "நீங்க ஒரு முன்னுரை எழுதணும் தம்பி" என்றார். "அதற்கென்ன அண்ணே, பேஷாக எழுதுகிறேன்" என்றேன். அப்புறம் அவர் மூன்று முறை விசாரித்தார். மூன்றாம் முறை, "பாதி படித்துவிட்டேன்" என்று பொய் சொன்னேன். 2018இல் வீடு மாற்றினேன். அந்தச் சந்தடியில் கட்டு பழைய பேப்பர்க்காரரோடு போய்விட்டது. 2022இல் அண்ணன் காலமானார்.

சென்ற மாதம் தாம்பரத்திலிருந்து அண்ணி வந்தார். கையில் ஒரு பை. பைக்குள் அண்ணனுடைய லேப்டாப்.

"இது எழுந்திருக்க மாட்டேங்குது தம்பி. கடையில கேட்டா, உள்ளே இருக்கறதை எல்லாம் அழிச்சிட்டுப் புதுசா போடணும்னு சொல்றாங்க. அவர் எழுதினது இதுலதான் இருக்கு. உங்ககிட்ட ஒரு பிரதி இருக்குன்னு தெரியும். இருந்தாலும், இதுல கடைசி வரைக்கும் திருத்திக்கிட்டே இருந்தார். பிரிச்சுப் போட்டுடாதீங்க. அவர் கை பட்டது."

"உங்ககிட்ட ஒரு பிரதி இருக்குன்னு தெரியும்" என்று அவர் சொன்னபோது நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

நான் கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு படிப்பை நிறுத்தியவன். கணினியில் எனக்குத் தெரிந்த வித்தை தமிழில் தட்டச்சு செய்வது ஒன்றுதான். ஆனால் எங்கள் மாடியில் குடியிருப்பவர்களுடைய பிள்ளை பாலிடெக்னிக்கில் படிக்கிறான். அவனைக் கூப்பிட்டேன். லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். 2006இல் வாங்கியது. விசையை அழுத்தினால் விசிறி சுழல்கிறது. பிறகு கறுப்புத் திரையில், துவக்குவதற்கு வேண்டிய கோப்பு ஒன்றைக் காணவில்லை என்ற செய்தி வருகிறது.

"டிஸ்க் சாகலை சார். மேல இருக்கிற சிஸ்டம்தான் கெட்டுப் போயிருக்கு. பிரிக்கக் கூடாதுன்னா லினக்ஸ் வட்டு போட்டுப் பார்க்கலாம்" என்றான்.

லினக்ஸ் என்ற பெயரை நான் கேட்டிருந்தேன். அதன் கதையை அன்றுதான் கேட்டேன். 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி சர்வகலாசாலையில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற இருபத்தோரு வயது மாணவர் தம் சொந்தக் கணினிக்காக எழுத ஆரம்பித்தது அது. எழுதியதை யாரும் எடுக்கலாம், திருத்தலாம் என்று ஊருக்கு விட்டார். உலகத்தின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் கை கொடுத்தார்கள். அதை அடிப்படையாகக் கொண்ட தொகுப்புகளில் ஒன்று டெபியன். 1993இல் இயன் மர்டாக் என்பவர் தொடங்கியது. தம் காதலி டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் சேர்த்து அதற்குச் சூட்டினார். அதன் ஒவ்வொரு பதிப்புக்கும் 'டாய் ஸ்டோரி' திரைப்படங்களில் வரும் பாத்திரம் ஒன்றின் பெயரை வைக்கிறார்கள். 2023இல் வந்த 12ஆம் பதிப்பின் பெயர் புத்தகப் புழு. "இதையே போடுவோம்" என்றான் பையன். எழுத்தாளன் வீட்டுக்குப் பொருத்தமான பெயராயிற்றே என்று எனக்கும் திருப்தி.

இந்த வட்டில் ஒரு சௌகரியம் உண்டு. கணினியில் எதையும் நிறுவாமல், வட்டிலிருந்தே அதை நடத்திப் பார்க்கலாம். உள்ளே இருக்கும் பழைய டிஸ்க்கைத் தொடாமல், அதில் இருப்பதைப் படித்து, வேறு இடத்துக்கு நகல் எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்காரர் மயங்கிக் கிடக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் வந்து பெட்டியில் இருக்கும் பத்திரங்களைப் பத்திரப்படுத்துவது போல. ஆனால் அதே வட்டில் 'நிறுவு' என்றும் ஒரு வழி இருக்கிறது. தவறிப்போய் அதில் இறங்கி, கேட்ட கேள்விக்கெல்லாம் தலையாட்டினால், பெட்டியோடு பத்திரமும் போய்விடும்.

ரிச்சி தெருவுக்குப் போய் வெற்று டிவிடிகள் ஐந்து வாங்கி வந்தேன். சாதாரண சி.டி. 700 மெகாபைட்டோடு நின்றுவிடும்; இந்தத் தொகுப்போ பல மடங்கு பெரியது; ஆகையால் 4.7 ஜிகாபைட் கொள்ளும் டிவிடி வேண்டும் என்று பையன் சொல்லி அனுப்பியிருந்தான். பென் டிரைவில் போட்டால் சுலபம். ஆனால் அந்தக் கிழட்டு லேப்டாப்புக்குப் பென் டிரைவிலிருந்து துவங்கத் தெரியவில்லை.

வட்டை எழுதி, உள்ளே போட்டு, விசையை அழுத்தினோம். பழைய கறுப்புத் திரை; பழைய செய்தி. வட்டை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கணினி கண் விழிக்கும் முறையைப் பையன் விளக்கினான். மின்சாரம் பாய்ந்த கணத்தில் அதற்குத் தன் பெயர்கூடத் தெரியாது. பலகையோடு பலகையாகப் பதிந்திருக்கும் பயாஸ் என்ற ஒரு சின்ன நிரல் முதலில் எழுந்திருக்கிறது. கை கால் சரியாக இருக்கின்றனவா என்று தடவிப் பார்க்கிறது. பிறகு ஒரு ஜாபிதாவை வைத்துக்கொண்டு வரிசையாக ஒவ்வொரு வட்டின் கதவையும் தட்டுகிறது. எங்கே துவக்க நிரல் கிடைக்கிறதோ அங்கே பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. இதற்கு 'பூட்' என்று பெயர். தன் பூட்ஸ் வாரைத் தானே பிடித்து இழுத்துத் தன்னையே தூக்கிக்கொள்வது என்ற ஆங்கில வழக்கிலிருந்து வந்த சொல்.

எங்கள் லேப்டாப்பின் ஜாபிதாவில் உள்ளே இருக்கும் டிஸ்க் முதலாவதாகவும் டிவிடி கடைசியாகவும் இருந்தன. மாற்றினோம். அன்றைக்கு நேரமாகிவிட்டதால் மறுநாள் பார்க்கலாம் என்று மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டேன். மறுநாள் பார்த்தால் வரிசை பழையபடியே இருக்கிறது! நான் பையனைச் சந்தேகித்தேன். பையன் என்னைச் சந்தேகித்தான். குற்றவாளி எங்கள் இருவரில் எவரும் அல்ல. கணினிக்குள் நாணயம் அளவில் ஒரு சிறு மின்கலம் உண்டு. கடிகாரமும் இந்த மாதிரிச் சில்லறை ஞாபகங்களும் அதை நம்பித்தான் பிழைக்கின்றன. அது வற்றிப் போயிருந்தது. ஆகவே ஒவ்வொரு தடவையும் துவக்கத்தில் பயாஸுக்குள் போய் மறுபடி சொல்லிக் கொடுக்க வேண்டியதாயிற்று. வயோதிகர்களுக்குச் சொன்னதையே திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறதல்லவா, அந்த மாதிரி.

இப்போது வட்டு சுழன்றது. சுழன்று, முனகி, நின்றது. மறுபடியும் பழைய திரை.

"செக்யூர் பூட் தடுக்குதோ?" என்றான் பையன். வட்டில் உள்ள நிரலுக்குச் சரியான முத்திரை இருக்கிறதா என்று பார்த்து உள்ளே விடும் காவல் ஏற்பாடு அது. அதை நிறுத்துவதற்காக அரை நாள் தேடினான். 2012க்கு அப்புறம் பரவிய ஏற்பாடு அது. 2006இல் பிறந்த கணினியில் எங்கே இருக்கும்? இல்லாத காவல்காரனை இரண்டு பேரும் கெஞ்சிக்கொண்டிருந்திருக்கிறோம்.

உண்மையான காரணம் வேறு. வட்டை எழுதியது நான். இணையத்திலிருந்து இறக்கிய பெரிய கோப்பை, கல்யாணப் படத்தை வட்டில் ஏற்றுவது போல அப்படியே ஏற்றிவிட்டேன். அது தவறாம். அந்தக் கோப்பு ஒரு வட்டின் முழு அச்சு. அதை அச்சாகவே பதிக்க வேண்டும். அப்போதுதான் துவக்க நிரல் பயாஸ் தேடும் இடத்தில் போய் உட்காரும். வட்டைத் திறந்து பார்த்தால் பல கோப்புகளும் கோப்புறைகளும் தெரிய வேண்டும். என் வட்டில் ஒரே ஒரு கோப்புத்தான் தெரிந்தது. கடிதத்தைப் படித்துக் காட்டச் சொன்னால், ஒட்டிய உறையை நீட்டினால் எப்படி?

இரண்டாம் வட்டு எழுதினோம். இந்த முறை ஒரு பட்டியல் திரை வந்தது! நான் பூஜை அறையில் கற்பூரம் ஏற்றாத குறைதான். ஆனால் அடுத்த அடி வைத்ததும், வட்டைப் படிப்பதில் பிழை என்று நின்றுவிட்டது.

"இறக்கினதே பழுதா இருக்கலாம் சார்" என்று பையன் அதைச் சோதித்தான். இந்தச் சோதனை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கோப்போடு கூடவே 64 எழுத்துக்களும் இலக்கங்களும் கொண்ட ஒரு கோவையை வெளியிடுகிறார்கள். நம்மிடம் உள்ள கோப்பிலிருந்து அதே கணக்கைப் போட்டால் அதே கோவை வர வேண்டும். கோப்பில் ஒரு புள்ளி மாறியிருந்தாலும் கோவை அடியோடு மாறிவிடும். களத்து மேட்டில் நெற்குவியலின் மேல் சாணிப்பால் தெளித்துக் குறி வைப்பார்கள். யாராவது ஒரு கைப்பிடி அள்ளினாலும் குறி கலைந்து காட்டிக் கொடுத்துவிடும். அந்தக் குறியேதான் இது. எங்கள் கோப்பின் குறி கலையவில்லை. ஆகவே பழுது வட்டை எழுதியதில்தான். வேகமாக எழுதியதைக் கிழட்டு டிரைவின் கண்ணால் படிக்க முடியவில்லை. மூன்றாம் வட்டை மிகவும் மெதுவான வேகத்தில் எழுதினோம்.

பட்டியல் வந்தது. தேர்ந்தெடுத்தேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் இரண்டு மூன்று ஆங்கில வரிகள் தோன்றின. அத்தோடு நின்றது.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. அணைத்தேன், மறுபடி போட்டேன். டிரைவின் கண்ணைப் பஞ்சால் துடைத்தேன். நான்காம் வட்டையும் எழுதினேன். பையனுக்குப் பரீட்சை, அவனைத் தொந்தரவு செய்யக் கூடாது. மூன்று நாட்கள் தன்னந்தனியாக இதையே செய்தேன். ஒவ்வொரு தடவையும் அதே வரிகள், அதே அசையாமை. எட்டாம் நாள் இரவு, தோற்றுப்போய், அண்ணியிடம் என்ன சொல்வது என்று வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டு அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த வரிகளை முதல் முறையாகப் படித்தேன்.

அவை சொன்ன விஷயம் இதுதான்: இந்த நிரலுக்கு 64 பிட் செயலி வேண்டும், இங்கே இருப்பது பழைய 32 பிட் வகை, துவங்க இயலாது, தயவு செய்து உங்கள் செயலிக்கு ஏற்றதைப் பயன்படுத்துங்கள்.

வாசகர்கள் கவனிக்க வேண்டும். 'தயவு செய்து' என்ற வார்த்தைகூட அதில் இருந்தது. மூன்று நாட்களாக அந்த இயந்திரம் மரியாதையாகக் காரணத்தைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நான் வட்டை மாற்றினேன், கண்ணைத் துடைத்தேன், விதியை நொந்துகொண்டேன். எழுதியிருந்ததைப் படிக்க மட்டும் இல்லை. வார்த்தைகளை விற்றுப் பிழைக்கிறவன் நான்!

அந்த இரவு எனக்கு அண்ணனின் ஞாபகம் வந்தது. அவரும் மூன்று முறை மரியாதையாகத்தான் கேட்டார். அவர் கொடுத்த கட்டும் இரண்டு வருஷம் என் மேஜைமேல் எழுத்துக்களைக் காட்டிக்கொண்டேதான் இருந்தது.

லேப்டாப்பின் கைப்பிடி ஓரத்தில் ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருந்தது. அதில் கோர் டூயோ என்று இருந்தது. நாங்கள் இருவருமே அதைக் கோர் 2 டூயோ என்று படித்துவிட்டோம். முன்னது 2006 ஜனவரியில் வந்த 32 பிட் செயலி. பின்னது அதே வருஷம் ஜூலையில் வந்த 64 பிட் செயலி. நடுவே ஒரு '2'. அந்த ஒற்றை இலக்கம்தான் எங்களை அலைக்கழித்தது. 32 பிட் செயலி ஒரே எட்டில் எண்ணக்கூடியது 4,29,49,67,296 இடங்கள். அதாவது 4 ஜிகாபைட். 64 பிட் செயலியால் 32 பிட் நிரலையும் நடத்த முடியும். மற்றது நடவாது.

காலையில் பையன் சீட்டைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். டெபியனின் முந்திய பதிப்பை, 2021இல் வெளியான 11ஆம் பதிப்பை, 32 பிட் கணினிக்கானதாகத் தேடி இறக்கினான். "சீக்கிரம் செஞ்சது நல்லதாப் போச்சு சார். 2025 ஆகஸ்டில் வந்த 13ஆம் பதிப்பில் இந்த வகை மெஷினுக்கு நிறுவுற வட்டே கிடையாது. பழசை ஒவ்வொருத்தரா கைவிட்டுக்கிட்டே வர்றாங்க" என்றான். அவன் லேப்டாப்பைப் பற்றித்தான் சொன்னான்.

ஐந்தாவது வட்டு, கடைசி வட்டு. மெதுவாக எழுதி, குறியைச் சரிபார்த்து, பயாஸுக்குச் சொல்லிக் கொடுத்து, போட்டோம். வரிகள் ஓடின. இந்தத் தடவை ஒவ்வொன்றையும் படிக்கப் பிரயத்தனப்பட்டேன். அவை என்னைவிட வேகமாக ஓடின. சில நிமிஷங்களுக்குப் பிறகு நீல நிறத்தில் ஒரு திரை மலர்ந்தது.

'நிறுவு' என்பதன் பக்கமே என் கையைக் கொண்டுபோகவில்லை. பையன் பழைய டிஸ்க்கைப் 'படிக்க மட்டும்' என்ற நிபந்தனையோடு திறந்தான். எழுத முடியாது, அழிக்க முடியாது, படிக்க மட்டும். அண்ணனின் கோப்புறைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. பேத்தியின் படங்கள். ஓய்வூதியக் கடிதங்கள். 'கண்மாய்' என்று ஒரு கோப்பு.

முதலில் அதை என் கணினிக்கு நகல் எடுத்தோம். பிறகு திறந்தோம். திரை முழுவதும் தலையில் கொம்பும் வாலும் முளைத்த ஐரோப்பிய எழுத்துக்கள்! என் வயிறு கலங்கியது. பையன் சிரித்தான். அண்ணன் பழைய எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்திருக்கிறார். எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு முறையின் முதல் பதிப்பிலேயே, 1991இலேயே, தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனாலும் பழைய குறியீடுகளை விட மனமில்லாமல் வெகு காலம் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் பலர். மாற்றித் தரும் நிரல்கள் இருக்கின்றன. பையன் ஒன்றைப் பிடித்து ஓட்டினான். கொம்பும் வாலும் உதிர்ந்து, அ, ஆ என்று தமிழ் எழுந்து நின்றது.

முதல் பக்கத்தில் 'முன்னுரை' என்று தலைப்பு. அதன் கீழ் ஒரு பக்கம் முழுவதும் வெற்றிடம். அடியில் என் பெயர்.

பையன் மாடிக்குப் போய்விட்டான். அன்று மாலையில் தொடங்கி மறுநாள் பகல் வரையில் அந்த நூற்றுச் சொச்சம் பக்கங்களையும் படித்தேன். மடையைத் திறக்கப் பாய்ந்து மூழ்கிய ஒருவரைப் பற்றி அவர் மகன் சொன்னது அதில் இருந்தது. பாதிச் சொற்களுக்குப் பக்கத்தில், சொன்னவர் காலமாகிவிட்டார் என்று அண்ணன் குறித்து வைத்திருந்தார். நான் பாதி படித்துவிட்டேன் என்று சொன்ன புத்தகம் இதுதான்.

அச்செடுத்துக் கட்டி, லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு பதினோராம் நாள் தாம்பரத்துக்குப் போனேன். கட்டை அண்ணியின் கையில் வைத்துவிட்டு, பழைய பிரதியை நான் தொலைத்துவிட்டதைச் சொன்னேன். படிக்காமலே தொலைத்ததையும் சொன்னேன்.

அண்ணி கொஞ்ச நேரம் பேசவில்லை. பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"அவருக்குத் தெரியும் தம்பி" என்றார் பிறகு. "படிச்சிருந்தா சண்டைக்கு வந்திருப்பான், இன்னும் வரலைன்னு சொல்வார். இப்பவாவது படிச்சீங்களா?"

"படித்தேன் அண்ணி."

"சண்டை போட ஏதாவது இருக்கா?"

"இருக்கிறது. நாற்பத்தேழாம் பக்கத்தில் ஒரு சொல்லுக்கு அவர் சொல்லியிருக்கும் பொருளை நான் ஒப்புக்கொள்ளவில்லை."

"அதை முன்னுரையில எழுதிடுங்க. சந்தோஷப்படுவார்" என்று சொல்லிவிட்டு, காபி கலக்க எழுந்து உள்ளே போனார்.